அக்டோபரில் கெயிர்ன்கார்ம் வெளுத்துவிட்டால்: ஏறுவதா, சுருக்குவதா, தள்ளிப்போடுவதா?

அக்டோபர் கடைசி வாரம். ஸ்காட்லாந்தின் ஏவிமோரில் இரண்டு இரவுக்கு அறை எடுத்தாயிற்று. கெயிர்ன்கார்ம் மலைத்தொடரின் பென் மக்டூயி ஏறுவதாகத் திட்டம். காலையில் திரையை விலக்கினால், நேற்று மாலைவரை பழுப்பாக இருந்த மலை 600 மீட்டருக்கு மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி நிற்கிறது. கீழே காடு மட்டும் பச்சையும் மஞ்சளுமாக அப்படியே இருக்கிறது. பையில் இருப்பது கோடைக்கால பூட்ஸ், ஒரு மழைக்கோட்டு, ஒரு ஜோடி கையுறை. இந்த நிலையில் மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: க்ராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் உலோகப் பற்கள்) வாடகைக்கு எடுத்து ஏறிவிடலாமா, இல்லை விட்டுவிடலாமா?

கேள்வியிலேயே கொஞ்சம் கோணல் இருக்கிறது. ஏறுவதற்கும் விடுவதற்கும் நடுவில் நாலைந்து வழிகள் உண்டு. அன்றைக்கு முதலில் மாற்ற வேண்டியது காலில் போடுவதை அல்ல, ஏறப்போகும் மலையை. ஏன் என்பதற்கு, இந்தப் பனி எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

## இது எந்தப் பனி?

தமிழில் எல்லாமே பனிதான். புல்லில் முத்தாக நிற்பது, கண்ணை மறைப்பது, வானத்திலிருந்து பஞ்சாக விழுவது எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதும். ஸ்காட்லாந்து மலையில் அது போதாது. விழும் பனி, மூடுபனி, பாறையில் கண்ணாடிப் பூச்சாக உறையும் ஐஸ் ஆகிய மூன்றும் ஒரே நாளில், ஒரே முகட்டில் வரும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஏற்பாடு வேண்டும். காலுக்குப் போடுவது மூடுபனிக்கு உதவாது, திசைகாட்டி ஐஸுக்கு உதவாது.

பிப்ரவரியில் இருக்கும் பனி பல முறை உருகி உறைந்து இறுகியது. அதில் க்ராம்பானின் பற்கள் கச்சிதமாகக் கடிக்கும். பாறை இடுக்குகள் நிரம்பி, மேலே நடக்கத் தளம் போட்டதுபோல் இருக்கும். அக்டோபர் பனி இதற்கு நேர்மாறு. 15, 20 செ.மீ. பொடி. அதற்கு அடியில் உறையாத சேறு, ஈரப் புல், பாறை இடுக்கு. மேலே பார்த்தால் சமமாகத் தெரியும் இடத்தில் கால் வைத்தால் இரண்டு பாறைகளுக்கு நடுவே முழங்கால்வரை இறங்கும். கணுக்கால் திருகுவது பெரும்பாலும் இப்படித்தான். க்ராம்பான் போட்டிருந்தால் இன்னும் மோசம். பற்கள் பாறையில் மாட்டும், கால் நிற்கும், உடம்பு முன்னால் போகும்.

காற்று இந்தப் பொடியை அள்ளி, காற்று படாத சரிவுகளில் பலகைபோல் அடுக்கும். முகட்டில் வெறும் கல் தெரியும்போதே பத்தடி தள்ளி இடுப்பளவு பனி கிடக்கலாம். அடியில் நீளமான வழவழப்பான புல் இருந்தால் அந்தப் பலகை மொத்தமாக வழுக்கி இறங்கும். இது சின்னப் பனிச்சரிவுதான் என்றாலும், கீழே பாறை இருந்தால் அதுவே போதும். ஸ்காட்லாந்து பனிச்சரிவுத் தகவல் சேவையின் அன்றாட அறிக்கைகள் வழக்கமாக டிசம்பர் நடுவில்தான் தொடங்கி ஏப்ரல் நடுவரை வரும். அக்டோபரில் அறிக்கை இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று பொருளல்ல, பார்த்துச் சொல்ல ஆள் இன்னும் வரவில்லை என்றுதான் பொருள்.

## எவற்றை வைத்து எடைபோடுவது?

வெளிச்சம். இதுதான் முதல் அளவுகோல், பலரும் கடைசியாகப் பார்ப்பதும் இதைத்தான். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிறார்கள். அந்த வாரம் ஏவிமோரில் சூரியன் மறைவது சுமார் 4:40க்கு. நவம்பர் நடுவில் 4 மணிக்கே. நடை நேரத்தைக் கணக்கிட 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். புதுப் பனியில் அதை ஒன்றரையால் பெருக்குங்கள். கணுக்காலுக்கு மேல் பனி இருந்தால் இரண்டால்.

காற்றும் உறைநிலை உயரமும், அதாவது எந்த உயரத்துக்கு மேல் தண்ணீர் உறைகிறது என்பதும். எம்.டபிள்யூ.ஐ.எஸ். என்னும் மலை வானிலைச் சேவையும், பிரிட்டனின் அரசு வானிலை மையமான மெட் ஆபிஸும் மலைக்கென்றே தனி அறிக்கை தருகின்றன. நகர வானிலைச் செயலியைப் பார்த்து மலை ஏறக்கூடாது. தோராயமாக 1,000 மீட்டருக்கு 6 அல்லது 7 டிகிரி குறையும். ஏவிமோரில் 4 டிகிரி என்றால், இந்தத் தொடரிலுள்ள கெயிர்ன் கார்ம் என்ற மலையின் உச்சியில் மைனஸ் 3 அளவு. அதோடு மணிக்கு 60 கி.மீ. காற்றும் சேர்ந்தால் தோலுக்கு அது மைனஸ் 13. அந்த உச்சியில் உள்ள தானியங்கி நிலையம் 1986 மார்ச்சில் மணிக்கு 173 மைல் வேகத்தைப் பதிவு செய்திருக்கிறது. உங்களுக்கு அதில் நாலில் ஒரு பங்கு அடித்தாலே நடை தள்ளாடும். அறிக்கையில் 'மேகம் இல்லாத உச்சிக்கு வாய்ப்பு' என்று ஒரு சதவீதம் போடுவார்கள். வழி கண்டுபிடிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த எண்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

திரும்பும் வழி. பாதி வழியில் மனம் மாறினால் எளிதாக இறங்க முடியுமா? சில வழிகளில் எந்த இடத்திலும் திரும்பலாம். சிலவற்றில் ஓர் இடத்தைத் தாண்டிவிட்டால் முன்னால் போவதும் பின்னால் வருவதும் ஒரே தூரம்.

கருவியும் கைப்பழக்கமும். இரண்டையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். கருவி வாடகைக்குக் கிடைக்கும், பழக்கம் கிடைக்காது.

சாலை கடைசி. ஆனால் அது அடைத்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் தேவைப்படாது. ஏவிமோர் அருகே உள்ள க்ளென்மோரிலிருந்து கோரி காஸ் பனிச்சறுக்கு மையத்துக்கு ஏறும் சாலையில் கதவு இருக்கிறது, பனியோ காற்றோ மிஞ்சினால் மூடிவிடுவார்கள். வாடகைக் காரில் குளிர்கால டயர் இருக்கும் என்று நம்ப வேண்டாம், பிரிட்டனில் அது வழக்கமில்லை.

## ஒரு பார்வையில்

| வழி | உயரம் | தூரம், பனியில் ஆகும் நேரம் | குறைந்தபட்சக் கருவி | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| கோரி காஸிலிருந்து பென் மக்டூயி, திரும்பி | 1,309 மீ. | 17 கி.மீ., 7–8 மணி | ஐஸ் ஆக்ஸ் (பனிக் கோடாரி), க்ராம்பான், கண்ணைக் காக்கும் பனிக்கண்ணாடி, வரைபடம், திசைகாட்டி | இருட்டு, மூடுபனியில் வழி |
| கெயிர்ன் கார்ம் மட்டும் | 1,245 மீ. | 7–8 கி.மீ., 4–4½ மணி | மேலே சொன்னவையே | காற்று, சாலை மூடல் |
| மியால் அ வூகிலியா | 810 மீ. | 9 கி.மீ., 3½–4 மணி | மைக்ரோஸ்பைக் (பூட்ஸில் மாட்டும் சிறு முட்கள்), நடைக்கம்பு, கெய்ட்டர் (பனி புகாமல் காலில் கட்டும் உறை) | இறக்கத்தில் சேறு, உருகுநீர் |
| காட்டுப் பாதைகள் | 250–400 மீ. | 5–8 கி.மீ., 2–3 மணி | நல்ல பூட்ஸ் | ஒடியும் கிளைகள் |

## பென் மக்டூயி: போட்ட திட்டத்தையே பிடித்துக்கொண்டால்

பிரிட்டனின் இரண்டாவது உயரமான மலை. கோடையில் கோரி காஸ் கார் நிறுத்தத்திலிருந்து (635 மீ.) போய்வருவது நீண்ட நடைதான், கடினமான நடை அல்ல. பனி விழுந்ததும் மாறுவது சரிவு அல்ல, வழி. பாதை மறைந்துவிடும். கெயிர்ன் லொக்கனின் மேற்குத் தோளைத் தாண்டியபின் பல கிலோமீட்டருக்கு 1,100 மீட்டருக்கு மேலேயே திறந்த மேட்டுவெளி. வெள்ளைத் தரை, வெள்ளை மேகம், நடுவில் கோடே இல்லை. லொக்கன் புயீ குட்டை அருகே வழி பிசகினால், மேற்கே லாயிரிக் க்ரூ கணவாய்க்குள் விழும் செங்குத்துச் சரிவு. கிழக்கே ஃபே புயீ ஓடை வழியாக லாக் ஆன் ஏரிக்கு மேலுள்ள பாறைப் பலகைகள். இரண்டு பக்கமும் தொடக்கத்தில் இதமாக இறங்கும். அதுதான் பொறி.

1971 நவம்பரில் எடின்பரோவிலிருந்து வந்த பள்ளி மாணவர் குழு ஒன்று பனிப்புயலில் சிக்கியது இதே ஃபே புயீ பக்கம்தான். அங்கிருந்த ஒரு சிறு புகலிடத்துக்குப் போய்ச் சேர முடியாமல் திறந்தவெளியில் இரண்டு இரவுகள். 5 மாணவர்களும் 18 வயது உதவி வழிகாட்டி ஒருவரும் இறந்தார்கள். பிரிட்டனின் மலை விபத்துகளில் இன்றும் முதலில் பேசப்படுவது இதுதான். அது ஜனவரியோ பிப்ரவரியோ அல்ல, குளிர்காலம் பிறக்காத நவம்பர் என்பதை மறந்துவிடுகிறோம்.

இப்போது நேரக் கணக்கைப் போடுங்கள். 17 கி.மீ. என்றால் 3 மணி 24 நிமிடம். எல்லா ஏற்ற இறக்கமும் சேர்த்து 800 மீட்டர் ஏற்றம் என்று வைத்தால் 1 மணி 20. மொத்தம் 4:44. ஒன்றரையால் பெருக்கினால் 7 மணி 6 நிமிடம். சாப்பிட, உடை மாற்ற, வரைபடம் பார்க்க ஒரு 40 நிமிடம். கிட்டத்தட்ட 7¾ மணி. காலையில் கடை திறக்கக் காத்திருந்து, பூட்ஸ் போட்டுப் பார்த்து, மேலே போய் 10:30க்குக் கிளம்பினால் திரும்பும்போது மணி 6:15. அதாவது கடைசி ஒன்றரை மணி நேரம் இருட்டில், ஓடைக் கற்களில் ஐஸ் பூசியிருக்கும்போது. இந்த ஒரு கணக்கே அன்றைக்கு இந்த வழியை அடித்துவிடுகிறது. வாடகைக்கு எடுப்பதன் மறைந்த செலவு பணமல்ல, காலை வேளை.

யாருக்கு இது சரி? முந்தைய மாலையே அறிக்கை பார்த்துக் கருவியைக் கையில் வைத்திருப்பவர், விடியும்போதே, அதாவது 7:15க்கெல்லாம் நடையைத் தொடங்குகிறவர், மூடுபனியில் திசைகாட்டியும் காலடிக் கணக்கும் வைத்து ஒரு கிலோமீட்டர் நேராக நடந்து பழகியவர். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

### கருவி பற்றிச் சில விவரங்கள்

பூட்ஸுக்கு பி0 முதல் பி3 வரை தரம் உண்டு, க்ராம்பானுக்கு சி1 முதல் சி3 வரை. கோடை நடைக்கான வளையும் பூட்ஸ் பெரும்பாலும் பி0. அதில் க்ராம்பான் போடக்கூடாது. அடி வளைய வளைய வார் தளர்ந்து, செங்குத்தான இடத்தில்தான் கழன்று விழும். பி1 பூட்ஸும் சி1 க்ராம்பானும் ஜோடி. கடையிலேயே சோதித்துவிடலாம்: வாரைக் கட்டாமல் பூட்ஸை க்ராம்பானில் பொருத்தித் தூக்கிப் பாருங்கள், கீழே விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அளவு சரி. அடியில் பனி ஒட்டாமலிருக்க ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரமான இலையுதிர்காலப் பனி பத்தே அடியில் தேங்காய் அளவுக்கு உருண்டை கட்டும். ஐஸ் ஆக்ஸின் காம்பால் தட்டித் தட்டி நடக்க வேண்டிவரும்.

ஐஸ் ஆக்ஸ் நடைக்கு 50 முதல் 60 செ.மீ. நீளம் போதும். அதை வாங்கிப் பையில் கட்டினால் அது வெறும் பாரம். விழுந்தால் உருண்டு குப்புறத் திரும்பி, ஆக்ஸின் கூர்முனையைப் பனியில் அழுத்தி நிறுத்துவது கைக்கு வந்திருக்க வேண்டும். மென்பொடியில் அது கடிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே விழாமல் இருப்பதுதான் வழி.

மைக்ரோஸ்பைக் பற்றித்தான் அதிகக் குழப்பம். ரப்பர் வளையத்தில் சங்கிலியும் சிறு முட்களும் கோத்தது. எந்தப் பூட்ஸிலும் மாட்டலாம், விலையும் குறைவு. உறைந்த காட்டுச்சாலை, மிதித்து இறுகிய பாதை, கார் நிறுத்தத்து ஐஸ் இவற்றுக்கு அருமை. சரிவில் குறுக்காக நடக்கும்போது ரப்பர் பக்கவாட்டில் நழுவி, முள் எல்லாம் பூட்ஸின் ஓரத்துக்குப் போய்விடும். க்ராம்பானின் தம்பி என்று நினைத்துவிடக் கூடாது, அது வேறு சாதி.

## கெயிர்ன் கார்ம் மட்டும்: திட்டத்தைச் சுருக்கினால்

அதே கார் நிறுத்தம், அதே உயரத்துப் பனி, தூரம் பாதிக்கும் கீழே. கருவியும் அடிப்படைப் பழக்கமும் இருக்கிறது, நேரம்தான் போய்விட்டது என்பவர்களுக்கு இது சரியான பதில். 7½ கி.மீ.க்கு ஒன்றரை மணி, 610 மீட்டருக்கு ஒரு மணி, ஒன்றரையால் பெருக்கினால் 3 மணி 50 நிமிடத்துக்குள். 10:30க்குக் கிளம்பினாலும் 3 மணிக்குக் கீழே.

ஏற்றம் ஸ்ரோன் அன் ஊனிக் முகடு வழியாக. ஆங்கிலத்தில் இதைக் 'காற்று முகடு' என்று அழைப்பது வேடிக்கைக்கு அல்ல. ஆனால் முகடு என்பதால் பனி தங்காது, காற்றே கூட்டிவிடும். 1,100 மீட்டரை ஒட்டி, மலை ரயிலின் மேல் நிலையமான டார்மிகன் கட்டடம். அதிலிருந்து உச்சிவரை கல் பாவிய பாதை, பக்கத்தில் கம்பங்கள். மூடுபனியில் ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் தெரியவில்லை என்றால் அங்கேயே திரும்புங்கள். தெரிகிற வரைக்கும் இது இந்தப் பகுதியிலேயே வழி தவற வாய்ப்பு குறைந்த உச்சி.

இறக்கத்தில்தான் ஒரு தேர்வு இருக்கிறது. உச்சியிலிருந்து மேற்கே இறங்கி 1,141 மீட்டர் புள்ளிக்கு வந்து, ஃபியாக்கல் அ கோரி காஸ் முகடு வழியாகக் கார் நிறுத்தத்துக்கு வரலாம். அழகான சுற்று. ஆனால் அந்தப் புள்ளியிலிருந்து சில அடிகளிலேயே கோரி அன் ட்ரெக்டவின் விளிம்பு. அந்தப் பெயருக்குப் பொருளே பனிக் குடைவு. விளிம்பில் கூரை இறவாரம்போல் பனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அக்டோபரில் அது சிறிதாகத்தான் இருக்கும், ஆனால் எது தரை எது வெறும் பனி என்று மேலிருந்து பிரித்தறிய முடியாது. பார்வை 50 மீட்டருக்குக் குறைந்தால் சுற்றை மறந்து வந்த வழியே இறங்குங்கள். அதே குடைவுக்குள் இறங்கும் 'ஆட்டுப் பாதை' கோடையில் குறுக்குவழி. புதுப் பனியில் காற்றுப் பலகை சேர்வது சரியாக அங்கேதான்.

மலை ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். காற்று கூடினால் முதலில் நிற்பது அதுதான்.

## இடையன் குன்று: நான் முதலில் கைகாட்டுவது

மியால் அ வூகிலியா என்றால் கேலிக் மொழியில் இடையனின் குன்று. க்ளென்மோர் காட்டுக்கு வடக்கே தனியாக நிற்கிறது. 810 மீட்டர்தான் என்பதால், 'மன்ரோ' என்று அழைக்கப்படும், 914 மீட்டரைத் தாண்டிய 282 ஸ்காட்லாந்து மலைகளின் பட்டியலில் இதற்கு இடமில்லை. பட்டியல் வைத்து ஏறுகிறவர்கள் இதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. திடீர்ப் பனி விழுந்த காலையில் இதைவிடப் பொருத்தமான மலை இந்த வட்டாரத்தில் இல்லை என்பது என் கருத்து. காரணம் எளிது: பென் மக்டூயியைவிட 500 மீட்டர் தாழ்வு என்பதால், பனி மேல் பாதியில்தான் கிடக்கும். அனுபவத்துக்குப் பனி உண்டு. அது பிடிக்காவிட்டால் அரை மணியில் பனிக்குக் கீழே வந்துவிடலாம்.

க்ளென்மோரிலிருந்து (சுமார் 340 மீ.) காட்டுச்சாலையில் கிழக்கே நடந்தால் அன் லொக்கன் உவானியா என்னும் பச்சை ஏரி. தேவதைகள் துணி துவைத்ததால்தான் அந்த நிறம் என்பது ஊர்க்கதை. அதைத் தாண்டி ரைவோன் பாத்தி, அதாவது யாரும் ஒதுங்கிக்கொள்ளக்கூடிய ஓர் அறைக் கல்வீடு. பராமரிப்பது பாத்திகளுக்கான ஒரு தன்னார்வச் சங்கம். முடிவு எடுக்க வேண்டிய இடம் இந்தக் கல்வீடுதான். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, சூடாகக் குடித்து, கெய்ட்டர் கட்டி, மேலே மேகம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இங்கிருந்து உச்சிக்கு ஒரே மூச்சான ஏற்றம், பெரும்பகுதி கல் பாவிய பாதை. வழி தவற இடமில்லை. கல் படிகளில் காலடிபட்ட பனி ஐஸாக இறுகியிருக்கும். அங்கே மைக்ரோஸ்பைக் உண்மையிலேயே பயன்படும்.

உச்சியில் வளைவாகக் கட்டிய கல் அரண் ஒன்று உண்டு, காற்றுக்கு முதுகு கொடுத்து உட்காரலாம். எதிரே லாக் மோர்லிக் ஏரி, அதற்கு மேல் நீங்கள் ஏறாமல் விட்ட கெயிர்ன்கார்ம் முழுதும் வெள்ளையாக. மேற்கே இறங்கி அடுத்த மேட்டுக்கு முந்தைய தாழ்விலிருந்து தெற்கே காட்டுக்குள் பாதை இறங்குகிறது. இந்தக் கடைசிப் பகுதிதான் இந்த வழியின் மறைந்த செலவு. மதியத்துக்குமேல் உருகத் தொடங்கிய பனி, அடியில் கருஞ்சேறு. முழங்கால் வலி உள்ளவர்கள் ரைவோன் பக்கமே திரும்பிவிடலாம், தூரமும் அதிகமாகாது. நடைக்கம்பில் பனிக்கான அகன்ற வட்டு மாட்டியிருந்தால் நல்லது.

இது பொருந்தாத நாளும் உண்டு. உறைநிலை கடல்மட்டம்வரை இறங்கி, கீழே ஏரிக்கரையிலேயே 10 செ.மீ. கிடந்தால், இந்தக் குன்றும் முழு குளிர்கால மலைதான். அன்றைக்கு அடுத்த வழி.

## காட்டுப் பாதைகள்

குழந்தைகள், பெற்றோர், பனியை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். லாக் அன் ஏலன் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. அளவு, நடுவில் தீவில் பாழடைந்த கோட்டை. க்ளென்மோரிலிருந்து ரைவோன்வரை மட்டும் போய்வரலாம். ஒரே எச்சரிக்கை: இன்னும் இலை உதிர்க்காத பிர்ச் மரங்களில் ஈரப் பனி ஏறினால் கிளை தாங்காது. இரவு கனமாக விழுந்திருந்தால், காற்று அடிக்கும்போது மரத்தடியில் நின்று படம் எடுக்க வேண்டாம்.

## வழிகாட்டியை அமர்த்தினால்

ஒரு நாளுக்குப் பெரும்பாலும் 200 பவுண்டுக்கு மேல். தனி ஆளுக்கு உறைக்கும், நாலு பேர் பகிர்ந்தால் தாங்கும். பணத்துக்குக் கிடைப்பது உச்சி மட்டுமல்ல. விழுந்தால் நிறுத்துவது, க்ராம்பானில் நடப்பது, சரிவைப் படிப்பது எல்லாம் ஒரு நாளில் ஓரளவு கைக்கு வரும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு கண்ணி இருக்கிறது. பிரிட்டனில் மலை வழிகாட்டித் தகுதி கோடைக்கு வேறு, குளிர்காலத்துக்கு வேறு. கோடைத் தகுதி மட்டும் உள்ளவர் பனியும் ஐஸும் கிடக்கும் மலைக்கு அழைத்துப்போகக் கூடாது. இங்கே 'குளிர்காலம்' என்பது நாட்காட்டி அல்ல, தரையின் நிலை. அக்டோபரில் முன்பதிவு செய்த நடைக்கு வருகிறவர் கோடைத் தகுதிக்காரராக இருந்தால், பனி விழுந்ததும் அவர் தாழ்வான வழிக்கு மாற்றுவார். அது ஏமாற்று அல்ல, நேர்மை. முன்பதிவின்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: குளிர்காலத் தகுதி உண்டா? பனி விழுந்தால் எங்கே போவோம்? ஆக்ஸ், க்ராம்பான் வாடகை கட்டணத்தில் சேர்ந்ததா என்பது மூன்றாவது.

## ஒரு நாள் தள்ளினால், அல்லது இடம் மாறினால்

இலையுதிர்காலப் பனி பெரும்பாலும் நிலைக்காது. இரண்டு மூன்று நாளில் மேற்கிலிருந்து ஈரமான வெப்பக் காற்று வந்து கரைத்துவிடும். அதனால் 'நாளைக்குச் சரியாகிவிடும்' என்பது பாதி உண்மை. மீதிப் பாதி: உருகுநீரும் மழையும் சேர்ந்தால் நேற்று கற்கள்மேல் தாண்டிய ஓடையை இன்று தாண்ட முடியாது. பகலில் உருகி இரவில் உறைந்திருந்தால் பாதை முழுதும் கண்ணாடி. அமைதியான பொடிப்பனி நாளைவிட அது மோசம்.

வடக்குக் காற்றில் பனித்தூறல் வருகிறது என்றால் தெற்குப் பக்கம் மலை மறைவில் காய்ந்து கிடக்கலாம். பிட்லாக்ரிக்கு மேலே பென் வ்ராக்கி (841 மீ.) நல்ல மாற்று. ஏவிமோரிலிருந்து ரயிலிலேயே போகலாம் என்பதால் 460 மீட்டர் உயரத்து ட்ரமாக்டர் கணவாயில் வாடகைக் காரோடு போராட வேண்டாம். கடைசி ஏற்றம் மட்டும் செங்குத்தான கல் படி. கிழக்கே காரில் போக நினைத்தால் லெக்ட் கணவாய்ச் சாலையும், 670 மீட்டர் உயரத்து க்ளென்ஷீ சாலையும் முதல் பனிக்கே அடைபடுபவை என்று நினைவிருக்கட்டும். பழக்கமில்லாத எஸ்டேட் மலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை பெண் செம்மான் வேட்டைக் காலம். எந்தப் பக்கம் சுடுகிறார்கள் என்று முன்கூட்டி விசாரித்து, பாதையை விட்டு விலகாமல் நடங்கள்.

## எந்த வழியானாலும் பையில்

கையுறை மூன்று ஜோடி: மெல்லியது ஒன்று, நீர் புகாதது ஒன்று, நனைந்தபின் மாற்ற விரல் பிரியாத மிட்டன் ஒன்று. ஹெட்டார்ச் இரண்டு. இருட்டில், குளிர்ந்த விரலால் பேட்டரி மாற்றுவதைவிட இன்னொரு விளக்கை எடுப்பது சுலபம். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், உறைவது மேலிருந்துதான், மூடி பக்கம் திறந்திருக்கும். சாக்லேட் பார் கல்லாகிவிடும், சட்டைப் பையில் வைத்தால் கடிக்கலாம். போன் உள்சட்டைக்குள். ஆனால் திசைகாட்டியோடு ஒரே பையில் வேண்டாம். போனின் காந்தம் முள்ளின் துருவத்தையே மாற்றிவிடக்கூடும், வடக்கு என்று காட்டுவது தெற்காக இருக்கும்.

போகும் வழி, திரும்பும் நேரம், வராவிட்டால் எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை விடுதியில் எழுதிக் கொடுங்கள். உதவி தேவைப்பட்டால் 999 அல்லது 112. முதலில் போலீஸ் என்று சொல்லி, பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. ஊதலில் நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தம். பதில் மூன்று ஊதலாக வரும். பேச்சுக்குச் சிக்னல் போதாத இடத்தில் எஸ்.எம்.எஸ். நுழைந்துவிடும். ஆனால் அதற்கு 999 எண்ணுக்கு 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை அனுப்பி, வரும் பதிலுக்குச் சம்மதம் சொல்லி முன்பே பதிந்திருக்க வேண்டும். விடுதியில், பூட்ஸ் மாட்டும் முன், செய்துவிடுங்கள்.